பழைய எண்ணெய்த் தாங்கி இருந்த மட்டத்தரை: வீடு கட்டுமுன் ஆபத்தை அளப்பது எப்படி

இலங்கையின் மலையகத்தில் மட்டமான தரை கிடைப்பது அரிது. இருந்த கொஞ்ச மட்டத்தையும் அந்தக் காலத்திலேயே பெக்டரி, என்ஜின் அறை, லொறி ஷெட், எண்ணெய்த் தாங்கி என்று பிடித்துவிட்டார்கள். பெக்டரியை மூடி, தகரத்தைக் கழற்றி, இரும்பை எடைக்குப் போட்ட பிறகு அந்த இடம் புல் மண்டிக் கிடக்கும். வீட்டுத் திட்டம் வரும்போது எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். வீட்டுக் காணி பிரிக்கவும், முன்பள்ளி கட்டவும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடவும் தோட்டத்தில் அதைவிட நல்ல இடம் இராது. தாங்கி போய்விட்டது, கசிந்த எண்ணெய் போகவில்லை என்பதுதான் சிக்கல்.

கட்டுவதற்கு முன் மண்சரிவு அபாய அறிக்கை கேட்பார்கள். அது சாதகமாக வந்துவிட்டால் காணியில் வேறு குறையே இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அறிக்கை சரிவைப் பற்றியது, மண்ணுக்குள் இருக்கும் டீசலைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. எண்ணெய்க்குத் தனிச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனையில் முதலில் கேட்கவேண்டியது எவ்வளவு எண்ணெய் கசிந்தது என்பதல்ல. யாருடைய வாய்க்கு, மூச்சுக்கு, தோலுக்கு, எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதுதான். மூலம், வழி, ஆள் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஆயிரம் லீற்றர் ஃபர்னஸ் ஒயில் (கனமான உலை எண்ணெய்) ஊறிய இடத்தில் யாரும் தோண்டவில்லை, கீழே ஊற்றும் இல்லை என்றால் அவசரம் குறைவு. பத்து லீற்றர் பெற்றோல் கசிந்த இடத்துக்குக் கீழே பீலி (ஊற்றுநீர் பிடிக்கும் இடம்) இருந்தால் அன்றைக்கே வேலை தொடங்கவேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள்: நூற்றுக்கு 1 பங்கு பென்சீன் உள்ள பெற்றோல் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 7.5 கிராம் பென்சீன் இருக்கும். குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அந்த 7.5 கிராம் முழுதும் நீரில் கரைந்தால் ஏழரை இலட்சம் லீற்றரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். நிமிடத்துக்கு 10 லீற்றர் ஊறும் பீலிக்கு அது 52 நாள் தண்ணீர்.

முதல் நாள் செய்யக்கூடாதவை

ஆராய்ச்சிக்கு முன் உயிர். காலியான தாங்கி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. அடியில் கிடக்கும் கசடிலிருந்து எழும் ஆவி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும். காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்கு இருந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வந்து நிற்பது அந்த நேரம் பார்த்துத்தான். கழுவி, ஆவியை வெளியேற்றி, கேஸ் மீற்றரால் அளந்து, வெடிப்பெல்லையின் பத்திலொரு பங்குக்கும் கீழே இருக்கிறது என்று உறுதியாகும்வரை தாங்கியில் வெட்டு, ஒட்டு, சுத்தியல் அடி எதுவும் கூடாது. தலையை உள்ளே நீட்டிப் பார்க்கவும் கூடாது. துருப்பிடித்த இரும்பு ஒட்சிசனைத் தின்றுவிடும், 19.5 வீதத்துக்குக் கீழே போன காற்று பாதுகாப்பானதல்ல, இன்னும் வெகுவாகக் குறைந்தால் மனிதர் சத்தமில்லாமல் மயங்கி விழுவார். முதலாமவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவர்தான் பெரும்பாலும் அடுத்த பலி.

அந்தத் தாங்கியைக் கழுவித் தண்ணீர் சேமிக்க எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். ஒட்டுத் தையலிலும் துருவிலும் ஊறிய எண்ணெய் சவர்க்காரத் தூளுக்குப் போகாது. டீசல் பீப்பாயை மழைநீருக்கு வைப்பதும் அதே தவறுதான்.

எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது

தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடதாசி கொஞ்சம் தொலைந்திருக்கும். ஆகவே வரைபடத்தை மட்டும் நம்பியிருக்காமல் ஓய்வுபெற்ற டீமேக்கர், என்ஜின் டிரைவர், லொறி டிரைவர், இரவுக் காவல் பார்த்தவர் ஆகியோரைத் தனித்தனியே அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் "ஸ்டோருக்குப் பக்கத்துல" என்பார்கள். இடத்தில் நின்றால் "இந்தக் கல்லுல ஏறி நின்னுதான் டிப் ஸ்டிக் விடுவோம்" என்று, கோல் விட்டு எண்ணெய் மட்டம் அளந்த இடத்தையே காட்டுவார்கள்.

கேட்கவேண்டியவை இவ்வளவுதான். எத்தனை தாங்கி, தரைக்கு மேலா கீழா, எத்தனை கலன் (ஒரு கலன் ஏறத்தாழ 4.55 லீற்றர்) கொள்ளும், எந்த எண்ணெய், எந்த ஆண்டுவரை, எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி எங்கே நிற்கும், ஊற்றும் வாய் எங்கே, என்ஜினுக்குப் போன குழாய் எந்த வழி, பழைய என்ஜின் ஒயிலை எங்கே கொட்டினார்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் மண் கறுத்துக் கிடப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பழைய ஸ்டொக் புத்தகம் கிடைத்தால் டிப் ஸ்டிக் அளவையும் வழங்கிய அளவையும் ஒப்பிடுங்கள். நாளுக்கு ஒரு கலன் குறைந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் அது 1,360 லீற்றருக்கு மேல்.

தரையில் தேடும்போது தாங்கி நின்ற கொங்கிறீட் சேணம், இரண்டு அங்குல மூச்சுக் குழாயின் வெட்டிய முனை, ஊற்றும் வாயின் வட்ட மூடி, செவ்வகமாகத் தாழ்ந்த நிலம் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாம் பச்சையாயிருக்க ஒரு திட்டில் மட்டும் புல் முளைக்காமல் இருந்தால் குறித்துவையுங்கள். நிலத்தடித் தாங்கி இன்னும் உள்ளே இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அலவாங்கு போட்டுக் குத்திப் பார்க்கவேண்டாம்.

பக்கத்தில் பழைய ட்ரான்ஸ்ஃபோமர் இருந்ததா என்றும் கேளுங்கள். பழைய ட்ரான்ஸ்ஃபோமர் எண்ணெயில் பி.சி.பி. என்ற வேறு வகை நஞ்சு இருக்கக்கூடும், அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் பாதி விடை

பெற்றோல் இலகுவானது. ஆவியாகும், நீரில் கரையும், வேகமாக நகரும். பென்சீன், டொலுவீன், எதைல்பென்சீன், சைலீன் என்ற நான்கும் அதில் அதிகம். இவற்றைச் சேர்த்து பீடெக்ஸ் என்பார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் பென்சீன் இருக்கிறது, அது தாக்குவது இரத்தம் உருவாகும் எலும்பு மச்சையை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அதற்கு முன் பெற்றோல் பம்ப் இருந்த இடமென்றால் மண்ணில் ஈயத்தையும் சேர்த்துச் சோதிக்கவேண்டும்.

டீசலும் மண்ணெண்ணெயும் நடுத்தரம். கரைவது குறைவு, ஆனால் மண்ணில் நெடுநாள் நிற்கும், தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் வெடிப்பும் சொறியும் வரும். ஃபர்னஸ் ஒயில் தார் மாதிரி. பெரும்பாலும் கசிந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது, அதிலுள்ள பி.ஏ.எச். சேர்மங்கள் (பல பென்சீன் வளையங்கள் கோத்தவை, சில புற்றுநோய் தருபவை) மண் வழியாகவும் தூசி வழியாகவும்தான் ஆளைச் சேரும். பழைய என்ஜின் ஒயிலில் பி.ஏ.எச்.சும் உலோகத் துகளும் உண்டு.

ஆகவே பெற்றோல் என்றால் தண்ணீரையும் அறைக் காற்றையும் முதலில் பாருங்கள். ஃபர்னஸ் ஒயில், என்ஜின் ஒயில் என்றால் பிள்ளைகள் விளையாடும் மேல்மண்ணை முதலில் பாருங்கள். டீசல் என்றால் இரண்டையும் பார்க்கவேண்டும்.

வட்டம் போடாதீர்கள், நாக்குப் போடுங்கள்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2019இல் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது. அதைப் படித்தவர்கள் இங்கேயும் தாங்கியை நடுவில் வைத்து வட்டம் போட்டுக் கிணறுகளைத் தேடுகிறார்கள். அங்கே தரை தட்டை, கீழே சுண்ணாம்புக்கல். இங்கே சரிவு, கீழே வெடிப்போடிய நைஸ் பாறை, அதன்மேல் உக்கிய சிவந்த மண். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையின் முகத்தில் பட்டு, சரிவோடு ஓடி, சரிவு முறியும் இடத்தில் ஊற்றாக வெளிவரும். எண்ணெயும் அந்த வழியே போகும். மாசு படர்ந்த இடத்தை வரைந்தால் வட்டம் வராது. தாங்கியிலிருந்து கீழ்நோக்கி நீளும் ஒடுங்கிய நாக்குத்தான் வரும்.

வெள்ளைத் தாளில் சரிவைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல வரையுங்கள். மேலே தாங்கி. அதற்குக் கீழே ரோட்டு, கான் (நீர் வடிகால்), பணிய லயம் (கீழேயுள்ள தொழிலாளர் வரிசை வீடுகள்), பீலி, மரக்கறித் தோட்டம், ஆறு, ஒவ்வொன்றும் எத்தனை மீற்றர் தள்ளி, எத்தனை மீற்றர் தாழ்வில். இதில் மறக்கப்படுவது கான்தான். பெக்டரிக் காலத்துக் கற்கான்கள் மண்ணால் மூடிப்போனாலும் உள்ளே நீர் ஓடும். எண்ணெய் அதில் விழுந்தால் சரிவின் போக்கையே விட்டுவிட்டுக் குறுக்கே 100 மீற்றர் போய் எதிர்பாராத லயத்துக்குக் கீழே எழும்பும். பழைய குழாய் பதித்த பள்ளமும் அப்படித்தான்.

பாறை வெடிப்புக்கு ஒரு எச்சரிக்கை. மேட்டிலுள்ள ஊற்று பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் குழாய்க் கிணற்றில் மோட்டார் போட்டு இழுத்தால் வெடிப்பு வழியாகப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரும். தாங்கிக்கு 200 மீற்றருக்குள் குழாய்க் கிணறு இருந்தால், எந்தத் திசையானாலும், பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பீலியில் மினுங்கும் படலம்

மலையகத்தில் வரும் முறைப்பாடுகளில் ஒரு பங்கு எண்ணெயே அல்ல. இரும்புச் சத்துள்ள கசிவு நீரில் ஒருவகைப் பக்டீரியா வளர்ந்து, வானவில் நிறத்தில் படலம் கட்டும். பக்கத்தில் செம்பழுப்பு நிறச் சளி போல ஒன்றும் இருக்கும். பிரித்தறிய ஈர்க்குச்சி போதும். படலத்தின் நடுவே கோடிழுங்கள். கண்ணாடித் தகடு போல உடைந்து, துண்டுகள் கோணலாக விலகி அப்படியே நின்றால் பக்டீரியா. குச்சியை எடுத்த உடனே சுற்றி வந்து ஒன்றாய்ச் சேர்ந்தால் எண்ணெய். காற்றில்லாத நேரத்தில், ஓட்டமில்லாத ஓரத்தில் செய்யுங்கள். ஓடும் நீரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

மூக்கை எவ்வளவு நம்பலாம்? டீசல், டொலுவீன், சைலீன் எல்லாம் உடல்நலத்துக்குக் கேடான அளவுக்கு வெகு கீழேயே மணக்கும். டொலுவீனுக்கு வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம், மூக்குக்கு 0.024 போதும். பென்சீன் நேர்மாறு. நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் வந்தால்தான் மணம் தெரியும், அதாவது எல்லையைப்போல ஆயிரம் மடங்கு. மணந்தால் குடிக்காதீர்கள். மணக்கவில்லை என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மண்ணுக்குப் போத்தல் சோதனை. வாயகன்ற கண்ணாடி ஜாம் போத்தலில் பாதிக்கு மண் போட்டு, அலுமினியத் தாளால் வாயை இறுக்கி மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு தாளில் துளையிட்டு பி.ஐ.டி. என்ற ஆவி அளக்கும் மீற்றரின் முனையை விட்டு அளக்கவேண்டும். இதில் இரண்டு உள்ளூர்ச் சிக்கல். நுவரெலியாவிலோ ஹோர்டன் சமவெளிப் பக்கமோ காலைக் குளிரில் மண்ணிலிருந்து ஆவி எழாது, மீற்றர் சுத்தம் என்று பொய் சொல்லும். போத்தல்களைப் பூட்டிய வாகனத்துக்குள் வைத்து 20 பாகைக்கு மேல் சூடேறவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சூட்டில் அளவிடுங்கள். அடுத்தது மூடுபனி. ஈரம் மீற்றருக்குள் இருக்கும் விளக்கின் மேல் படிந்தால் அளவு தாறுமாறாகும். அரை மணிக்கு ஒருமுறை சுத்தமான காற்றில் பூச்சியம் சரிபாருங்கள். இன்னொன்று, இந்த மீற்றர் பெற்றோலுக்குக் கெட்டி, டீசலுக்கு அரைகுறை, ஃபர்னஸ் ஒயிலுக்குக் குருடு. கனமான எண்ணெய்க்கு மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி மேலே படலம் மிதக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

மாதிரி எடுப்பது

எங்கே துளைப்பது: தாங்கியின் நான்கு பக்கமும் ஒவ்வொன்று, ஊற்றும் வாயில் ஒன்று, பவுசர் நின்ற இடத்தில் ஒன்று, குழாய் வழியில் ஐந்து ஆறு மீற்றருக்கு ஒன்று, மூட்டும் வளைவும் இருந்த இடத்தில் கட்டாயம் ஒன்று. பிறகு நாக்கின் நடுக்கோட்டில் 5, 15, 30 மீற்றர் கீழே மூன்று. மேட்டில், எண்ணெய் போக வழியில்லாத இடத்தில், ஒப்பீட்டுக்கு ஒன்று. கை ஓகரால் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கைக்கருவி) அரை மீற்றருக்கு ஒருமுறை மண் எடுத்து, பாறை தட்டும்வரை இறங்குங்கள். எண்ணெய் பெரும்பாலும் உக்கிய மண்ணும் பாறையும் சந்திக்கும் முகத்தில்தான் தங்கும். ஒரு மீற்றரில் நிறுத்தினால் அதைக் காணாமலே வந்துவிடுவீர்கள். பிள்ளைகளுக்கான ஆபத்துக்கு மட்டும் மேல் 10 சென்ரிமீற்றர் மண்ணைத் தனியே எடுக்கவேண்டும். மழைக்காலத்தில் லயத்துக்கு மேல் சரிவில் குழி வெட்டாதீர்கள், ஓகர் துளையையும் அன்றைக்கே களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

தண்ணீரில் பீடெக்ஸ் பார்க்க 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, இடத்துக்கு இரண்டு. ஐதரோகுளோரிக் அமிலம் போட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்திருக்கவேண்டும், ஆய்வுகூடம் அமிலம் போட்டே தரும், ஆகவே கழுவிவிடாதீர்கள். குப்பி வாயில் நீர் குவியும்வரை மெதுவாக நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். சிறு குமிழ் ஒன்று எழும்பினாலும் பென்சீன் அதற்குள் ஏறிவிடும், திரும்ப எடுக்கவேண்டும். டீசலுக்கு ஒரு லீற்றர் பழுப்புக் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் எண்ணெய் போத்தலில் ஒட்டும், போத்தலின் சேர்மம் நீரில் சேரும். எல்லாம் ஐஸ் பெட்டியில், 4 பாகையில். அமிலமிட்ட பீடெக்ஸ் குப்பிக்கு 14 நாள், டீசல் போத்தலை 7 நாளுக்குள் பிரித்தெடுக்கவேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்கு அனுப்புவதானால் வெள்ளிக்கிழமை மாதிரி எடுக்காதீர்கள்.

வழியில் வாகனத்துக்கு பெற்றோல் அடிக்கும்போது ஐஸ் பெட்டி டிக்கியில் இருந்தால் அந்த ஆவியே மாதிரிக்குள் போகலாம். அதற்குத்தான் சுத்த நீர் நிரப்பிய குப்பி ஒன்றைப் போகும்போதும் வரும்போதும் பெட்டியிலேயே வைத்து அதையும் சோதிப்பது. பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி. ஜெனரேட்டர் தொட்ட கையுறையோடு குப்பியைத் தொடாதீர்கள்.

பருவம் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் ஒன்றும், தென்மேல் பருவம் தொடங்கி முதல் பெருமழை பெய்த இரண்டு மூன்று நாளில் ஒன்றும். பதுளை, பசறைப் பக்கம் அதுவே ஓகஸ்டிலும் நவம்பரிலும். வறட்சியில் நீர்மட்டம் இறங்கி எண்ணெய் மண்ணில் பூசிக்கொண்டு நிற்கும், மழையில் நீர் ஏறும்போது கழன்று ஊற்றுக்கு வரும். ஒரே ஒரு முறை எடுத்த சுத்தமான அறிக்கைக்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஆய்வுகூடத்திடம் சரியானதைக் கேளுங்கள்

இங்கேதான் பணமும் நம்பிக்கையும் வீணாகிறது. "தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா" என்று கேட்டால் "எண்ணெயும் கிறீசும்" என்ற நிறைச் சோதனையைச் செய்து தருவார்கள். அதில் எண்ணெயைக் கரைப்பானில் எடுத்து, கரைப்பானைச் சூட்டில் ஆவியாக்கி, மிச்சத்தை நிறுப்பார்கள். ஆவியாகும்போது பென்சீனும் சேர்ந்தே பறந்துவிடும். பெற்றோல் கலந்த நீருக்கு அந்த அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்று வருவதில் வியப்பில்லை. படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்: பீடெக்ஸ், ஜி.சி.எம்.எஸ். (சேர்மங்களைப் பிரித்து இனங்காணும் கருவி) முறையில், பென்சீனுக்குக் கண்டறியும் எல்லை லீற்றருக்கு 0.005 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ. எல்லை 0.05 என்றால் "இல்லை" என்ற பதில் குடிநீர் அளவைப்போல ஐந்து மடங்கை மறைத்து வைத்திருக்கும்.

மண்ணில் மொத்த எண்ணெய்க் கரிமத்துக்கு, அதாவது டி.பி.எச்.சுக்கு, சிலிக்கா ஜெல் சுத்திகரிப்புச் செய்யும்படி கேட்கவேண்டும். மலையக மேல்மண்ணில் கவ்வாத்துக் குப்பை, கழிவுத் தேயிலை, மாட்டெரு எல்லாம் உக்கிக் கிடக்கும். இலை மெழுகும் கனமான எண்ணெயும் கருவியில் ஒரே இடத்தில் காட்டும். சுத்திகரிக்காமல் வந்த ஆயிரம் மில்லிகிராமில் டீசல் எவ்வளவு, தேயிலை எவ்வளவு என்று சொல்லவே முடியாது. மேட்டில் எடுத்த ஒப்பீட்டு மாதிரி கைகொடுப்பதும் இங்கேதான். டி.பி.எச். ஒரே எண்ணாக வராமல் அலிபாட்டிக் (பென்சீன் வளையம் இல்லாதவை), அரோமற்றிக் (பென்சீன் வளையம் உள்ளவை) எனப் பிரித்து வரவேண்டும். மசாசுசெற்ஸ் மாநில முறையில் அரோமற்றிக் பகுதிக்கு உடல் தாங்கும் அளவு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.03 மில்லிகிராம், கனமான அலிபாட்டிக்குக்கு 2. ஒரே எண்ணுக்குள் அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

கணக்கு

தண்ணீருக்கு: செறிவு × ஒரு நாளில் குடிக்கும் லீற்றர் ÷ உடல் எடை. பீலியில் பென்சீன் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் என்று வைப்போம். 15 கிலோப் பிள்ளை ஒரு லீற்றர் குடித்தால் 0.05 ÷ 15, அதாவது நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.0033 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் சொல்லும் தாங்கும் அளவு 0.004. வகுத்தால் 0.83 வருகிறது, 1க்குக் கீழே.

இதோடு நிறுத்தி "ஆபத்தில்லை" என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. பென்சீனுக்குப் புற்றுநோய்க் கணக்குத் தனி. 50 கிலோப் பெரியவர் இரண்டு லீற்றர் குடித்தால் நாளுக்குக் கிலோ எடைக்கு 0.002. 70 ஆண்டு வாழ்வில் 30 ஆண்டு அந்தப் பீலியையே நம்பினால் 0.002 × 30 ÷ 70 = 0.00086. புற்றுநோய்க் காரணி, அதாவது இந்த அளவைப் புற்றுநோய் வாய்ப்பாக மாற்றும் பெருக்கெண், 0.015 முதல் 0.055வரை. பெருக்கினால் இலட்சத்தில் 1.3 பேர் முதல் 4.7 பேர்வரை. உலக சுகாதார நிறுவனத்தின் 0.01 என்ற எல்லை வாழ்நாள் முழுதும் குடித்தால் இலட்சத்தில் ஒருவர் என்ற கணக்கில் வைத்தது. ஆகவே இந்தப் பீலி குடிக்க உதவாது. குளிக்கும்போது மூச்சில் போவது இதில் சேரவில்லை, அதையும் சேர்த்தால் கூடும்.

மண்ணுக்கு: பிள்ளை ஒரு நாளில் 200 மில்லிகிராம் மண் விழுங்கும் என்று எடுப்பது வழக்கம். கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் டி.பி.எச். உள்ள மண்ணில் அது நாளுக்கு 1 மில்லிகிராம் எண்ணெய், 15 கிலோவுக்கு வகுத்தால் 0.067. அதில் நூற்றுக்கு 30 அரோமற்றிக் என்றால் 0.02, தாங்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு. நெதர்லாந்தில் தலையிட்டே ஆகவேண்டும் என்று வைத்திருக்கும் மண் அளவும் கிலோவுக்கு 5,000 என்பது ஒப்பிட உதவும். தோட்டத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு நாள் முழுதும் வெளியே நிற்பவர்கள். பி.ஏ.எச். கணக்கைத் தனியே போடாமல் "எல்லைக்குள்" என்று எழுதாதீர்கள்.

மரக்கறி வேர் வழியாக எண்ணெயை இழுப்பது கொஞ்சம்தான். ஒட்டிய மண்ணே பிரதான வழி. கறட், உருளைக்கிழங்கு, பீற்றூட் ஆகியவற்றைத் தோல் சீவவேண்டும், கீரையை அந்த இடத்தில் போடாமலே விடுவது நல்லது.

காம்பராவுக்குள் (வீட்டு அறைக்குள்) வரும் ஆவி

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரை வெடிப்பு, கான், குழாய்ப் பள்ளம் வழியாக வந்து தாழ்ந்த இடத்தில் தங்கும். ஒட்சிசன் உள்ள நல்ல மண் தடிப்பாக இருந்தால் நுண்ணுயிர்கள் வழியிலேயே ஆவியைத் தின்றுவிடும். கரைந்த மாசுக்கும் தரைக்கும் இடையில் 1.8 மீற்றர் சுத்தமான மண்ணும், மிதக்கும் எண்ணெய்க்கு 4.6 மீற்றரும் இருந்தால் ஆபத்துக் குறைவு என்று அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. சரிவை வெட்டி மட்டமாக்கிக் கட்டிய வீட்டுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் பின்சுவர் எண்ணெய் ஓடும் அந்த மண்ணையே தொட்டுக்கொண்டிருக்கும். குளிருக்குப் பயந்து யன்னலை மூடி, உள்ளே அடுப்பெரித்தால் சூடான காற்று மேலேற, தரைக்குக் கீழிருந்து ஆவி இழுபடும். காலையில் கதவைத் திறந்ததும் மணந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்துபோனால் அதுதான் காரணம். மணம் கடுமையாக இருக்கும் நாளில் சுவிட்சைத் தட்டாமல், தீ மூட்டாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு களவு வழி உண்டு. கறுப்பு அல்கத்தீன் (பொலித்தீன்) பைப்பில் தண்ணீர் கொண்டுவரும்போது அது பெற்றோல் ஊறிய மண்ணைக் கடந்து போனால் பீடெக்ஸ் குழாய்ச் சுவரையே ஊடுருவி உள்ளே போகும். குழாய் வெடிக்கவேண்டியதில்லை. ஊற்றில் சுத்தம், லயத்துக் குழாய் வாயில் மணம், அதுவும் இரவு முழுதும் நின்ற தண்ணீரில் கூடுதல் மணம் என்றால் சந்தேகிக்கவேண்டியது குழாயை. பாதையை மாற்றுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் இரும்புக் குழாய் போடுங்கள்.

முடிவு வருமுன்னும் வந்த பின்னும்

அறிக்கைக்குக் காத்திருக்கும் நாட்களில், மணமோ எண்ணெய்ப் படலமோ உள்ள பீலியைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்தி, வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். கொதிக்கவைப்பது தீர்வல்ல, பென்சீன் தண்ணீரை விட்டுச் சமையலறைக் காற்றுக்கு மாறும், டீசல் பானையிலேயே நிற்கும். குளோரீனுக்கு இந்த வேலை தெரியாது. மண் கறுத்த இடத்தைக் கம்பி கட்டி மறித்து, மேலே சுத்த மண் போட்டு, மழைநீர் அதற்குள் இறங்காதபடி மேட்டுப் பக்கம் கான் வெட்டித் திருப்பிவிடுங்கள். அந்தக் கானின் வாய் பீலிக்கு மேலே திறக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கறுத்த மண்ணை அள்ளி ஆற்றோரத்தில் கொட்டினால் ஆபத்துக்கு வேறு விலாசம் கொடுத்ததாகும். கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் விழுவது களனி வழியாகக் கொழும்பின் குடிநீர்வரை போகும். கசடு எடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி உள்ளவர்களே வரவேண்டும்.

யாராவது எண்ணெயை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அறிக்கை வந்ததும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, சரிவு வரைபடத்தையும் ஆய்வுகூடத் தாளின் பிரதியையும் இணைத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். அந்தச் சுருக்கத்தில் மாதிரி எடுத்த திகதி, அதற்கு முந்திய மூன்று நாள் மழை, குப்பியில் குமிழ் இருந்ததா, கண்டறியும் எல்லை என்ன என்பவை இருக்கவேண்டும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தைப் பார்க்கும் நாளில் அந்த டிப் ஸ்டிக் கல்லைக் காட்டியவரையும் கூட்டிப்போங்கள்.